மேல் படுக்கை உயரம்

அந்த ரயிலில் அவளுக்கு ஊசி என்று பெயர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்துவது அவள் வேலை. அதனால் காலை வண்டியில் அவளோடு போகும் பெண்கள் வைத்த பெயர் அது. அந்தக் கூட்டத்தில் யாருக்கும் வேறு வகையில் பெயர் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர் டீச்சர். மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதுபவள் கணக்கு. பல வருஷமாக ஒரே பெட்டியில் ஒரே மூலையில் நின்று, ஒருத்தியின் மாமியார் சண்டையிலிருந்து இன்னொருத்தியின் முட்டிவலி வரை எல்லாவற்றையும் அலசிக் காயப்போட்டவர்கள். ஆனாலும் ஒருத்தி வீட்டுக்காரரை இன்னொருத்தி கண்ணால் பார்த்ததில்லை. ரயில் சிநேகம் அப்படித்தான், பிளாட்பாரத்தைத் தாண்டி வராது.

ஊசியின் வீட்டுக்காரர் ரயில் பெட்டிப் பட்டறையில் உள்வேலைக்கு மேஸ்திரி. ஆள் நல்ல நெட்டை. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் தலையைக் குனிந்துதான் நுழைவார். வேறு எதற்கும் குனிகிற ஆளில்லை. சாப்பிட உட்கார்ந்தால், மற்றவர்கள் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி இவர் பெட்டிகளைப் பற்றிப் பேசுவார். எது எந்த வண்டியில் பிறந்து வளர்ந்தது, எது எந்த விபத்தில் மூக்கு நசுங்கியது, எதன் பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் என்ன நிறம் வரும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊசி ‘உம்’ கொட்டிக்கொண்டே தட்டுகளை எடுத்துவைப்பாள். அவளுக்கு அதில் பாதி காதில் ஏறாது.

தொலைதூர வண்டியில் ஓடிக் களைத்த பெட்டிகளை உள்ளூர் வண்டிக்கு மாற்றிக் கொடுப்பது அந்தப் பட்டறையில் பழைய வழக்கம். புதுப் பெட்டி வந்தால் அது தூரத்து வண்டிக்குத்தான். அக்கம்பக்கத்திலிருந்து அன்றாடம் வேலைக்குப் போகும் ஜனத்துக்கு, அண்ணன் போட்டுக் கழித்த சட்டை தம்பிக்கு வருகிற கதைதான். முதலில் ஒரு சமையல் பெட்டி வந்தது. அடுப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சு போட்டு அனுப்பினார்கள். மழை பெய்தால் போதும், சுவரிலிருந்து வெங்காய வாசனை கிளம்பும். அதில் ஏறியவர்களுக்கு ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பசியெடுத்துவிடும். அடுத்தது தபால் மூட்டை ஏற்றிய பெட்டி. மூட்டைக்கு எதற்கு ஜன்னல் என்று கட்டியது. மனிதர்களை ஏற்றி ஒரு கோடைக்காலம் போன பிறகுதான் யாருக்கோ ஜன்னல் வெட்டுகிற யோசனை உதித்தது. நோயாளிகளைப் படுக்கவைத்து ஏற்றிப்போன பெட்டி ஒன்றும் உண்டு. ஸ்ட்ரெச்சர் நுழைவதற்காக வைத்த அகலக் கதவு அதில் அப்படியே இருந்தது. ஆபீஸ் நேரத்துக்கு அதைப்போல உபகாரமான பெட்டி இல்லை என்று ஊசிகூட ஒப்புக்கொள்வாள்.

இந்த முறை பட்டறைக்கு வந்தவை படுக்கைப் பெட்டிகள். ஒன்றல்ல இரண்டல்ல, பட்டறைக்கு வெளியே வரிசைகட்டி நின்றன. பணக்காரர்களுக்காகத் தனித்தனி அறையும் கண்ணாடியுமாகச் செய்தவை அவை. பிறகு அறைச் சுவர்களை இடித்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கைகளை அடுக்கி, சாதாரண ஜனத்தை ஏற்றினார்கள். இப்போது படுக்கையையும் பிடுங்கிவிட்டு, சுவரோரமாக பெஞ்சு போட்டு, நடுவில் நிற்க இடம் விட்டு, உள்ளூர் வண்டியில் கோக்க வேண்டும். முதல் பெட்டியை மாதிரிக்காகச் செய்கிற வேலை மேஸ்திரியிடம் வந்தது. அது கொஞ்ச நாள் ஓடும். குறை சொல்ல ஒன்றுமில்லை என்றால் பெரிய என்ஜினியர் கையெழுத்துப் போடுவார், மிச்சப் பெட்டி எல்லாம் அதே அச்சில் வரும். மேஸ்திரியும் ஃபோர்மேன் ஆவார்.

ஃபோர்மேன் பதவி இரண்டு தடவை அவர் பக்கத்தில் வந்து, அவரைவிடச் சின்னவர்கள் மடியில் போய் விழுந்தது. அதை அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த இரண்டு தடவையும் பல நாள் பெட்டிகளைப் பற்றிப் பேச்சே இல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். அந்த அமைதிதான் ஊசிக்குத் தாங்கவில்லை. இந்தத் தடவையாவது கிடைக்கட்டும் என்று அவரைவிட அவள்தான் அதிகம் ஆசைப்பட்டாள்.

மாதிரிப் பெட்டியை முடித்த அன்று மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பட்டறையில் உள்வேலைக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பெட்டியின் உடம்பில் புது ஓட்டை போடக் கூடாது. ஓட்டை வழியாக ஈரம் இறங்கும், துரு பிடிக்கும், நாலு வருஷத்தில் சுவர் அரித்துவிடும். யார் குறைவாக ஓட்டை போடுகிறாரோ அவர்தான் அங்கே கெட்டிக்காரர். ஏற்கெனவே கதவை அகலமாக்க ஒரு கூட்டம் பக்கச் சுவரை வெட்டியிருந்தது. அது அந்தப் பெட்டிக்குப் பெரிய ஆபரேஷன், இனி ஒரு குத்துகூட விழக் கூடாது என்பது மேஸ்திரியின் கட்சி.

“அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடி வரைக்கும் கைப்பிடிக் கம்பி ஓடுது. ஒரே ஒரு புது ஓட்டை போடல. எப்படி, சொல்லு?” என்றார்.

எப்படி என்று கேட்டாள்.

“மேல் படுக்கையைத் தாங்கின கொக்கி எல்லாம் சுவத்துல அப்படியே இருக்குல்ல? அதுலயே மாட்டிட்டேன்.”

பட்டறையே வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்ததாம். அவர் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கிக் காட்டினாராம், இம்மி அசையவில்லையாம். ஊசிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேல் படுக்கை எவ்வளவு உயரம் என்று அவளும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

சில நாளில் அந்தப் பெட்டி காலை வண்டியில், அவர்கள் வழக்கமாக ஏறுகிற இடத்திலேயே வந்து நின்றது. புதுப் பெயின்ட், துடைத்த ஜன்னல், நிற்க நல்ல இடம். கணக்கு உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, நம்மையும் ஒரு மனுஷியாக மதித்துச் செய்திருக்கிறார்கள் என்று பாராட்டினாள். ஊசிக்கு உச்சி குளிர்ந்தது. இதைச் செய்தது என் வீட்டுக்காரர்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வண்டி கிளம்பியது. எல்லோரும் பிடிப்பதற்காக அண்ணாந்து பார்த்தார்கள்.

கம்பி எங்கேயோ மேலே இருந்தது. குதிகாலைத் தூக்கி எம்பினால் ஊசிக்கு விரல் நுனி பட்டது. கணக்குக்கு அதுவும் இல்லை. டீச்சரோ பெஞ்சில் உட்கார்ந்தாலும் நின்றாலும் ஒரே உயரம் என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறவர், அவர் கம்பியை ஏறிட்டுப் பார்த்ததோடு சரி. முதல் வளைவில் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து, கடைசியில் மொத்தக் கூட்டமும் கதவோரம் போய் அப்பியது.

“எந்த நெட்டைக்கொக்கு செஞ்சதோ இதை” என்றாள் கணக்கு.

ஊசி வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு மூடியதுதான். அடுத்தடுத்த நாட்களில் அந்த நெட்டைக்கொக்கின் பெண்டாட்டி பிள்ளை வரை இழுத்துக் கரித்துக்கொட்டினார்கள். எல்லாவற்றையும் அவள் மென்று விழுங்கினாள். வேறு பெட்டிக்குப் போகலாம் என்றால் அங்கே ஈ நுழைய இடமில்லை. அதனால் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். வளைந்த கைப்பிடி உள்ள குடையைக் கம்பியில் மாட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பது டீச்சரின் யோசனை. ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்தில் அந்தப் பெட்டிப் பெண்கள் எல்லோர் கையிலும் குடை. மற்றப் பெட்டிக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஊசி எம்பி எம்பிக் கம்பியைப் பிடித்தே போனாள். வேலைக்குப் போய்ச் சேரும்போது தோள் விண்ணென்று வலிக்கும், விரல்கள் நடுங்கும். முதலில் வந்து உட்கார்கிற நோயாளிக்கு நரம்பு அகப்படாமல் இரண்டு முறை குத்துவாள். கை ராசிக்காரி என்று தேடி வந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

ஒருநாள் மேஸ்திரியிடம் மெதுவாகப் பேச்செடுத்தாள். கம்பி கொஞ்சம் உயரமோ என்று கேட்டாள். புதுசில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றார். பெரிய என்ஜினியரே உள்ளே வந்து நடந்து பார்த்தார், அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். பட்டறையில் அசையாமல் நிற்கிற பெட்டிக்குள் நடப்பதற்கு எதைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். ஃபோர்மேன் பதவி வரப்போகிற முகம். பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் தண்டவாளம் நன்றாக வளையும். அங்கேதான் டீச்சரின் குடை முறிந்தது. கைப்பிடி கம்பியில் தொங்க, மிச்சக் குடையோடு டீச்சர் மல்லாக்க விழுந்தார். விழும்போது வலது கையை ஊன்றினார். ஊசிதான் மண்டியிட்டு அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். எலும்பு முறிந்திருப்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தன் துப்பட்டாவைக் கிழித்து, கணக்கின் டிபன் பாக்ஸ் மூடியை அண்டைகொடுத்துக் கட்டினாள். டீச்சர் அழவில்லை. போர்டில் எழுதுகிற கை ஆயிற்றே என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஊசியின் தலையைத் தடவி, “நீ இருந்தியே, அதுவே போதும்மா” என்றார். ஊசிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது.

சாயங்காலம் மேஸ்திரி செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

“குடையை ஏன் அதுல மாட்டினாங்க? குடை மாட்டறதுக்கா கம்பி?” என்றார் கடைசியில்.

“வேற எதைப் பிடிக்கறதாம்?”

“கம்பியைப் பிடிக்கறது.”

ஊசிக்குக் கோபம் தலைக்கேறியது. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. கடைசியாகக் காலை வண்டியில் எப்போது போனீர்கள் என்று மட்டும் கேட்டாள். மேஸ்திரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பட்டறை கூப்பிடு தூரம், சைக்கிளில்தான் போவார், வருவார். ஆயுசு முழுக்க ரயில் பெட்டி செய்தவர், ஆபீஸ் நேரக் கூட்டத்தில் ஒருநாள்கூட ரயிலில் நின்றதில்லை.

“நாளைக்கு என்கூட வாங்க” என்றாள்.

நாளைக்குத்தான் பெரிய என்ஜினியர் கையெழுத்துப் போட வருகிறார் என்றார். அது பத்து மணிக்குத்தானே, பாலம் தாண்டி முதல் ஸ்டேஷனில் இறங்கினால் எதிர் வண்டி தயாராக நிற்கும், ஏறி வந்துவிடலாம் என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். தன் கம்பியில் பிசகில்லை என்று நேரில் காட்டிவிடுகிற வீம்புதான் அது.

மறுநாள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். கையெழுத்து நடக்கும்போது பக்கத்தில் நிற்க எடுத்துவைத்த சட்டை. பெட்டியில் ஏறியதும் பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பார்க்க வந்த தகப்பன் மாதிரி சுவரைத் தடவினார், பெஞ்சைத் தட்டிப்பார்த்தார். இந்த இடத்தில்தான் பணக்காரர்கள் முகம் பார்க்கிற கண்ணாடி இருந்தது என்று ஊசியிடம் காட்டினார். வண்டி கிளம்புகிற நேரத்தில் கூட்டம் உள்ளே பாய்ந்ததும் காட்டுவதை நிறுத்திக்கொண்டார். கணக்கு வந்தாள். பின்னாலேயே மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டபடி டீச்சர் வந்தார். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை, பிள்ளைகளை வாயாலாவது மேய்க்கலாம் என்று கிளம்பிவிட்டாராம். மேஸ்திரி அந்த மாவுக்கட்டைப் பார்த்தார். ஊசி அவரைப் பார்த்தாள். யார் யாரென்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. டீச்சர் விழுந்ததைப் பார்த்த பிறகு யாரும் குடை கொண்டுவரவில்லை, ஊசியும் அன்று கம்பிக்கு எம்பவில்லை.

மேஸ்திரி கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தார். சுகமாகப் பிடிபட்டது. பார்த்தாயா என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார்.

வண்டி பாலத்து வளைவில் திரும்பியது.

முதலில் யாரோ அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தார்கள். இன்னொரு கை பெல்ட்டைப் பற்றியது. கணக்கு அவர் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, வேற ஒண்ணும் இல்லீங்க, கோச்சுக்காதீங்க என்றாள். டீச்சர் நல்ல கையால் அவர் முழங்கையை இறுக்கினார். முன்பின் தெரியாத ஒரு பெண், கண்ணைக்கூடத் திறக்காமல், அவர் சட்டைப்பையில் விரலைக் கோத்துக்கொண்டாள். பொத்தான் ஒன்று தெறித்துப் போனது. அந்தப் பக்கத்துக் கூட்டம் மொத்தமும் ஒரே ஆளில் தொங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, எல்லோருக்குமாகச் சேர்த்து நின்றார். அண்ணாந்து பார்த்தார். அந்த நீளக் கம்பியில் அவர் கையைத் தவிர வேறு கை இல்லை.

வளைவு முடிந்ததும் டீச்சர் மூச்சு விட்டார். “நல்லவேளை சார், நீங்க இருந்தீங்க. ஊசி, இவர் உனக்குத் தெரிஞ்சவரா?” என்றார்.

ஆமாம் தெரிந்தவர் என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. அவருக்கும் மானம் போகாது, இவளுக்கும் சிநேகம் போகாது.

“என் வீட்டுக்காரர் டீச்சர். இந்தப் பெட்டியைச் செஞ்சதும் இவர்தான்.”

கணக்கின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாள் என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வருவது தெரிந்தது. அதற்குமேல், இத்தனை நாள் இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா நின்றாளே என்கிற கோபமும் வந்தது. டீச்சர் ஊசியைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. அது இன்னும் மோசம். ஆனால் வண்டி பாலத்தின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. கோபமும் வருத்தமுமாக எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டேதான் நின்றார்கள்.

மேஸ்திரி குனிந்து டீச்சரின் மாவுக்கட்டைப் பார்த்தார்.

“என் கை எட்டிச்சு. அதோட விட்டுட்டேன்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். டீச்சர் அவர் முழங்கையை விட்டுவிட்டு, தன் நல்ல கையை முடிந்த மட்டும் உயர்த்திக் காட்டினார். அது மேஸ்திரியின் தாடைக்கு எதிரே வந்து நின்றது. இதற்கு மேல் எனக்கில்லை சார் என்றார். மேஸ்திரி அந்தக் கை நின்ற இடத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்தார், ஒரு வேலையை அளவெடுக்கிற பார்வை.

பாலம் தாண்டி வண்டி ஸ்டேஷனில் நின்றது. அடுத்த பிளாட்பாரத்தில் எதிர் வண்டி புறப்படத் தயாராக நின்றது. ஊசி அவர் கையைத் தொட்டு, இறங்குங்க, பெரியவர் வந்துடுவார் என்றாள். பத்து மணிக்கு இவர் அங்கே நிற்காவிட்டால் பெரிய என்ஜினியர் காத்திருக்க மாட்டார். கையெழுத்து நின்றுபோகும், அதோடு ஃபோர்மேன் பதவியும் போகும். மூன்றாவது தடவை போனால் நான்காவது தடவை என்று ஒன்று வராது. கணக்கு பையின் வாரை விட்டாள். சட்டையைப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விட்டு ஒதுங்கி வழி கொடுத்தார்கள். கதவு வழியாகப் புதுக் கூட்டம் உள்ளே நெருக்கியது.

மேஸ்திரி கதவு வரை போய் நின்றார்.

“இதுக்கு மேல வளைவு இருக்கா?” என்று கேட்டார்.

சரக்குக் கிடங்கைச் சுற்றி வரிசையாக வளைவுதான், கடைசி ஸ்டேஷன் வரைக்கும் என்றாள் கணக்கு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

எதிர் வண்டி ஊதியது. ஊசி மறுபடியும் இறங்கச் சொன்னாள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி உள்ளே வந்தார். பழைய இடத்தில் நின்று கம்பியைப் பிடித்தார். இன்னொரு கையை டீச்சரிடம் நீட்டினார்.

“பிடிச்சுக்குங்க” என்றார்.